நட்பைக் கேட்டுப் பெற்ற பேராயர்

தென்காசியும் குற்றாலமும் பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலம். அதே ஜில்லாவில், திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளையில், 1874-ல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். 35 வயது அசரியா மேடையேறி, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்தாத வழக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னார். உடைமைகளைத் தந்தீர்கள், உடலையும் தந்தீர்கள். எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார்.

அரங்கில் சிலருக்குக் கோபம் வந்தது. அவரை உயர்த்தவும் ஒதுக்கவும் அதிகாரம் உள்ள சபையினர் முன்னால்தான் அப்படிப் பேசினார்.

ஒதுக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

பதவி வந்தபின் அவர் வசதியான ஊரைத் தேடவில்லை. தெலுங்கு பேசும் தோர்னக்கல்லிலேயே இருந்து, ஊர் தள்ளிவைத்த மாலா, மாதிகா மக்களோடு 1945-ல் மறையும்வரை உழைத்தார். மேடையில் தான் கேட்ட நட்பை, தன்னிலும் எளியவர்களுக்கு அவரே கொடுத்தார்.