எத்தனை முடிக்கணும், டீச்சர்?

பள்ளிகொண்டா என்னும் பெயரைக் கேட்ட வெளியூர் அன்பர் ஒருவர், "பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊரோ?" என்று என்னிடம் வினவியதுண்டு. பாலாற்றங்கரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதால் வந்த பெயர் அது. துயிலும் இடமும் பள்ளி. பயிலும் இடமும் பள்ளி. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்துவிட்டதைக் குறித்து, மதிய உணவுக்குப் பின் மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு கற்பித்த எவரும் வியப்படைய மாட்டார்.

அந்தத் துயிலைக் கலைப்பதற்கென்றே வகுப்பறையில் விளையாட்டு வைக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெற்றோருக்கோ அந்த அளவு நல்லெண்ணம்கூட இருப்பதில்லை. ஒரு தாய் வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "இன்னா டீச்சர், ஸ்கூல்ல இன்னா படிச்சேன்னு கேட்டா, வெளையாடினேன்னு சொல்லுது. அதுக்கு ஊட்லயே இருக்கலாமே?"

"ஏம்மா, வீட்ல இருந்தா விளையாட விடுவீங்களா?" என்றேன்.

அவர் பதில் கூறவில்லை. அவர் வீட்டில் என்ன இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பீடி இலையும் தூளும் பரப்பிய முறம் இருக்கும். அதைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருக்கும்.

எங்கள் வட்டாரத்தை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஆம்பூரும் பேரணாம்பட்டும் அவற்றுள் பெயர்பெற்றவை. தோல் ஆண்களுக்கு வேலை கொடுத்ததென்றால், பீடி பெண்களையும் குழந்தைகளையும் வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தோல் பதனிடுதலையும் பீடி சுற்றுதலையும் சிறுவர்க்குத் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும், குடும்பத்தாரின் துணையோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. பீடி வீட்டில் நடக்கும் வேலைதானே! போதாக்குறைக்கு முன்பணம் வேறு. தந்தை வாங்கிய சில நூறு ரூபாய்க்காக, பிள்ளை முதலாளியிடம் அமர்ந்து பீடியின் முனையை மடித்துக்கொண்டிருக்கும். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்?

1990-களின் நடுவில் எம்.பி. விஜயகுமார் இங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தார். அன்று இது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். அவர் காலத்தில் பீடித் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறார்களைத் தேடி மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கும் பணி தொடங்கியது. அத்தகைய பள்ளி ஒன்றில் 1996-இல் நான் பணியாற்றினேன். அங்கு வந்த ஒரு சிறுமியைப் பற்றி இங்கு எழுதியாக வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கலாம்.

முதல் நாள், தரையின் நடுவில் ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டி, "விளையாடுங்கள்" என்றேன். மற்றப் பிள்ளைகள் அள்ளி இறைத்தார்கள். இவள் மட்டும் ஒரு மூலையில் அமர்ந்து, தலை நிமிராமல், கொட்டைகளை எண்ணிக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு குவியலிலும் சரியாக இருபத்தைந்து. சற்று நேரத்திற்குப் பின் கேட்டாள்: "எத்தனை முடிக்கணும், டீச்சர்?"

பீடிக் கட்டுக்கு இருபத்தைந்து. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான் கணக்கு. இவளுக்கு இரண்டாம் வாய்பாடு தெரியாது. ஐந்து என்ற எண்ணை எழுதிக் காட்டினால் அது என்னவென்று தெரியாது. ஆனால், "ஆயிரத்தில் மூன்று கட்டு குறைந்தால் எவ்வளவு?" என்று கேட்டால், விரலைக்கூட மடக்காமல் "தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு" என்பாள். இவ்வளவு கணக்கையும் அவளுக்குக் கற்பித்தது எது என்று எண்ணும்போது பாராட்ட வாய் வரவில்லை.

பாடநூல் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்கிறது. பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு நூறு. இவள் ஒப்பவில்லை. "கட்டுன்னா இருபத்தஞ்சுதான் டீச்சர்" என்று வாதிட்டாள். நாலணா நாணயம் அன்று புழக்கத்தில் இருந்தது. அட்டையில் நாணயங்களை வெட்டிக்கொண்டு, வகுப்பில் ஒரு மளிகைக் கடை வைத்தோம். நாலு நாலணா ஒரு ரூபாய். அதாவது நாலு கட்டு ஒரு நூறு. அந்தப் படியில் கால் வைத்தபின் பத்து நூறு ஆயிரம் என்பது அவளுக்குத் தானாகவே விளங்கியது. கடைக்காரியாக அமர்ந்து பிறருக்கு மீதிச் சில்லறை கொடுத்தபோதுதான் எண்களை எழுதும் ஆசை வந்தது. விலைப்பட்டியல் எழுதாத கடை என்ன கடை?

கணக்கைக் காட்டிலும் விளையாட்டைக் கற்பதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. பல்லாங்குழியில் பதினான்கு குழிகளையும் விரைவாகக் காலி செய்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பாள். எதிராளியின் முறைக்குக் காத்திருக்க மாட்டாள். தோற்றால், அடி விழுமோ என்று என் முகத்தைப் பார்ப்பாள். இப்படியே பல மாதங்கள். ஒரு நாள் எதிரே இருந்தவள் கண்ணை அப்புறம் திருப்பிய நேரம் பார்த்து இரண்டு கொட்டைகளைத் தன் குழிக்குள் தள்ளி, அழுகுணி ஆட்டம் ஆடினாள். கூச்சல் எழுந்தது. ஆசிரியை கண்டித்திருக்க வேண்டும். கண்டித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உள்ளத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியோ சொல்லுந்தரமன்று. வெற்றி பெற வேண்டும் என்று ஒரு குழந்தை முதன்முறையாக ஆசைப்பட்டிருக்கிறது!

புனித தொன் போஸ்கோ சிறுவனாக இருந்தபோது கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களைச் செபிக்கச் செய்தார் என்பதை நாம் அறிவோம். வேடிக்கை பார்க்கச் செபமே கட்டணம். மறைக்கல்வி வகுப்புகளில் இன்றும் இவ்வழி பின்பற்றப்படுகிறது, நன்றுதான். அங்கே விளையாட்டு ஓர் அழைப்பு மணி. மணி அடித்தபின் பாடம் தொடங்கும். நான் கண்டதோ வேறு. புளியங்கொட்டை முடிந்தபின் பாடம் தொடங்கவில்லை. புளியங்கொட்டைக்குள்ளேயே பாடம் இருந்தது.

மரிய மொந்தசோரி அம்மையார் இதைத்தான் கூறினார். 1907-இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவியே பிள்ளைகள் எழுதக் கற்றார்கள். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல் கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். குழந்தைகள் தம் பொருட்களோடு ஆழ்ந்து ஈடுபடுவதை விளையாட்டு என்று அழைக்க அவர் விரும்பவில்லை. அதை 'வேலை' என்றார். குழந்தையின் முயற்சிக்கு அவர் அளித்த மதிப்பு அது. எங்கள் தோல் வட்டாரத்தில் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தத் துணியேன். எந்தச் சொல்லிலிருந்து அந்தச் சிறுமியை மீட்டுக்கொண்டு வந்தார்களோ, அதே சொல்லை அவள் முன் எப்படி வைப்பது? ஆகவே விளையாட்டு என்றே சொல்லி வந்தேன். தாய்மார்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

அந்தச் சிறப்புப் பள்ளிகளின் பட்டறிவு மாவட்டத்தோடு நின்றுவிடவில்லை. திரு. விஜயகுமார் பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கியிருந்த அட்டை முறை அதற்குப் பெரிதும் துணைநின்றது. 2007-இல் அது தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதற்குள் நான் வேறொரு தொடக்கப்பள்ளிக்கு வந்துவிட்டிருந்தேன். நாற்காலி வெளியே போயிற்று. ஆசிரியையும் பாயில் அமர்ந்தாள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகைகள் வந்தன. அவர்கள் வரைந்தவை தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. வருகையைக்கூட அவர்களே பதிந்துகொண்டார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சுவரில் ஒட்டிய ஏணிப்படி. பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படச்சின்னம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று ஏணியில் பார்த்து, தட்டிலிருந்து அதே சின்னமுள்ள அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை, இன்னொன்றுக்குச் சக மாணவர் துணை, மற்றொன்றில் தானே செய்து பார்க்கும். இதைப் பார்க்க வந்தவர்கள் வண்ண அட்டைகளின் அழகைப் புகழ்ந்தார்கள். அழகு கிடக்கட்டும். தம்பிக்குக் காய்ச்சல் என்றும், பீடி கொடுக்கும் நாள் என்றும், அம்மா தொழிற்சாலையில் கூடுதல் நேரம் பார்க்கிறாள் என்றும் பத்து நாள் வராமற்போகும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். வழக்கமான வகுப்பில் அந்தப் பத்து நாளில் பாடம் ஓடிப்போயிருக்கும். திரும்பி வரும் பிள்ளை புரியாமல் விழிக்கும், பிறகு நின்றுவிடும். ஏணியோ அது விட்டுச்சென்ற படியிலேயே நிற்கும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் மங்கியது? ஆயிரம் காரணம் கூறுவர். எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன். ஒரு சிறிய பள்ளியில் ஓர் ஆட்சியரின் ஆர்வத்தால் பிறந்ததை, பல்லாயிரம் பள்ளிகளுக்கு ஆணையாக அனுப்பும்போது ஆர்வம் உறைக்குள் வராது. படிவம் மட்டுமே வரும். பார்வையிட வந்த ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் பதிவேடுகளையே புரட்டினார். பிள்ளை ஒன்றிடமும் பேசவில்லை. ஓரங்கள் மடிந்து சாயம் போன அட்டைகளுக்கு மாற்று வர மாதங்கள் ஆகும். சில இடங்களில் புதிய அட்டைகள் கிழிந்துவிடக்கூடாதே என்று பீரோவில் பூட்டி வைக்கப்பட்டன. தோல் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கிய தகப்பன், கடன் வாங்கியாவது ஆங்கில வழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினார். அங்கே நோட்டு நிறைய எழுதுகிறார்கள், வீட்டுப்பாடம் உண்டு. அவரைக் குறைகூற எனக்கு நா எழாது. தான் இழந்ததைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவருக்கு, புளியங்கொட்டை எப்படிக் கல்வியாகத் தெரியும்?

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போயிற்று. மறு ஆண்டு கொரோனாவால் அடைத்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகளுக்காக 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. வகுப்பை வைத்தன்றி, கற்ற அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, பாட்டும் ஆட்டமும் கதையுமாகக் கற்பிக்கச் சொல்கிறது அது. பெயர் மாறினாலும், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்ற எண்ணம் மாறவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலையில் வருகிறார்கள். என்னிடம் அட்டைகள் இல்லை. நான்கு புளியங்கொட்டைகளை ஒருபுறம் மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்கிக் கொடுத்தேன். குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை என்று எண்ணித் தாயம் ஆடவேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் சுவரில் ஒரு கோடு. மூன்று நாளில் இரண்டு வெள்ளைக்கான கோடுகளே நீண்டுவிட்டன. "ஏன் டீச்சர் ரெண்டே விழுது?" என்று ஒருவன் கேட்டான். நான்கு கொட்டைகள் விழும் பதினாறு வகைகளையும் கரியால் வரைந்து பார்த்தார்கள். ஆறு வகைகளில் இரண்டு வெள்ளை. தாங்களே கண்டுபிடித்ததால் யாருக்கும் மறக்கவில்லை.

நான்கும் கறுப்பாக விழுந்தால் எத்தனை என்பதில் பெரிய சண்டை மூண்டது. ஒருத்தி வீட்டில் அது எட்டு; இன்னொருவன் பாட்டி ஊரில் ஒன்றுமில்லை; மூன்றாமவன் பன்னிரண்டு என்று சாதித்தான். என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். கடைசியில் அவர்களே கூடிப் பேசி, ஒரு முழுத் தாளில், பிழைகளோடுதான், ஏழு விதிகள் எழுதிக் கையொப்பமிட்டு என் வீட்டுத் திண்ணைத் தூணில் ஒட்டினார்கள். பன்னிரண்டு என்றவன் மட்டும் கையொப்பமிடவில்லை. நாளைக்கு எட்டாவது விதி எழுதிக்கொண்டு வருவானாம்.