கடவுச்சீட்டு நிர்ணயிக்கும் வீட்டு விலை

சிங்கப்பூர் வீட்டு விளம்பரத்தில் அச்சாகும் விலை விற்பவர் கைக்குப் போய்ச் சேரும் தொகை மட்டுமே. வாங்குபவர் கையைவிட்டு எவ்வளவு போகும் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. எதிரெதிரே இருக்கும் ஒரே அளவு வீடுகள் இரண்டை ஒரே நாளில் ஒரு சிங்கப்பூர்க் குடிமகனும், இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை அனுமதியில் இருக்கும் ஒருவரும் வாங்கினால், இரண்டாமவருக்கு ஆகும் செலவு முதலாமவருடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். எனவே செலவுத் திட்டத்தில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது குடியுரிமை நிலை. வங்கி வட்டி அதற்கு அப்புறம்தான்.

எந்த வீட்டை வாங்கலாம் என்பதையும் அந்த நிலையே முடிவு செய்கிறது. 1976ஆம் ஆண்டின் குடியிருப்புச் சொத்துச் சட்டப்படி, வெளிநாட்டவர் தரைவீடு வாங்க அரசின் தனி அனுமதி வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள், அதாவது வீவக வீடுகள், அவர்களுக்கு விற்கப்படுவதே இல்லை. மிஞ்சுவது தனியார் கூட்டுரிமை வீடு, பேச்சு வழக்கில் கொண்டோ. நிரந்தரவாசித் தம்பதியர் அந்த நிலை பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து வீவக வீட்டை மறுவிற்பனையில் வாங்கலாம். ஆனால் வேறெங்கும் உள்ள தனியார் குடியிருப்புச் சொத்தை விற்றுவிட வேண்டும். வேறெங்கும் என்பதில் வெளிநாடும் அடங்கும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ வீடு வைத்திருப்பவர்கள் இந்த விதியைப் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

முத்திரை வரி இரண்டு அடுக்காக வருகிறது. முதலாவது எல்லோருக்கும் பொது. விலையின் முதல் 1,80,000 வெள்ளிக்கு 1 சதவீதம், அடுத்த 1,80,000க்கு 2, அடுத்த 6,40,000க்கு 3, அடுத்த 5 லட்சத்துக்கு 4, அதற்கு மேல் 30 லட்சம் வரை 5, அதையும் தாண்டினால் 6 சதவீதம். இங்கே வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு இந்தக் கணக்கில் 44,600 வெள்ளி ஆகும்.

இரண்டாவது அடுக்கான கூடுதல் முத்திரை வரியில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. முதல் வீட்டுக்குக் குடிமக்கள் எதுவும் கட்ட வேண்டாம். நிரந்தரவாசிக்கு 5 சதவீதம், வெளிநாட்டவருக்கு 60 சதவீதம். இரண்டாவது வீட்டுக்குக் குடிமகனுக்கு 20, நிரந்தரவாசிக்கு 30. வெளிநாட்டவருக்கு எத்தனையாவது வீடானாலும் அதே 60. 2011 டிசம்பரில் இந்த வரி அறிமுகமானபோது வெளிநாட்டவருக்கு 10 சதவீதம்தான். அது 2013இல் 15, 2018இல் 20, 2021 டிசம்பரில் 30 என்று ஏறி, 2023 ஏப்ரல் 27 முதல் ஒரே தாவலில் 60 ஆனது. சந்தையின் சூட்டைத் தணிக்க என்பது அரசு சொன்ன காரணம். வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை இது தணிப்பதைத் தாண்டிக் கிட்டத்தட்ட கதவடைப்பு. அமெரிக்கக் குடிமக்களும், ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களின் பயனாகச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குச் சமமாக நடத்தப்படுகிறார்கள். இந்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணனும் இந்தியக் குடிமகனாகவே இருக்கும் தம்பியும் ஒரே கட்டடத்தில் 15 லட்சத்துக்கு ஆளுக்கொரு வீடு வாங்கினால், அண்ணன் கட்டும் முத்திரை வரி 44,600, தம்பி கட்டுவது 9,44,600.

கூட்டாக வாங்கும்போது, பத்திரத்தில் பெயர் உள்ளவர்களில் யாருக்கு அதிக விகிதமோ அதுவே முழு விலைக்கும் பொருந்தும். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழக்கூடிய இடம் இது. கணவர் நிரந்தரவாசி, மனைவி சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அதே 15 லட்சம் வீட்டைக் கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் கூடுதல் வரி 75,000 வெள்ளி. வீடு என்றால் இருவர் பெயரிலும் இருக்கட்டுமே என்று மனைவி பெயரையும் சேர்த்தால் 9 லட்சம். ஒரு பெயரைச் சேர்க்க ஆகும் செலவு 8,25,000 வெள்ளி. தம்பதியில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, இருவருக்கும் அங்கு வேறு வீடு இல்லையென்றால் இந்த வரிக்கு விலக்கு உண்டு. ஒருவர் நிரந்தரவாசியாக மட்டும் இருந்தால் கிடையாது.

இந்த வரிகளின் அளவைப் போலவே அவை எப்போது கேட்கப்படும் என்பதும் முக்கியம். மறுவிற்பனைக் கொண்டோவில் வழக்கமான முறை இப்படி: விலையின் 1 சதவீதத்துக்குக் காசோலை கொடுத்ததும், விற்பவர் வாங்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். அதன் ஆயுள் பெரும்பாலும் 14 நாள். அதற்குள் வழக்கறிஞர் மூலம் இன்னும் 4 சதவீதம் செலுத்தி உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் முதலில் கொடுத்த 15,000 வெள்ளி போனது போனதுதான். பயன்படுத்தினால் அந்தத் தேதியிலிருந்து 14 நாளில் முத்திரை வரி முழுவதும் கட்டியாக வேண்டும். வீட்டுச் சாவி கைக்கு வர அதன் பிறகும் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கட்டுமான நிறுவனத்திடம் புது வீடு பதிவு செய்பவர்கள் 5 சதவீதம் கொடுத்துப் பதிவு செய்து, கட்டடம் எழ எழத் தவணையாகச் செலுத்துகிறார்கள். ஒப்பந்தத்துக்கு முன் பின்வாங்கினால் பதிவுத் தொகையில் கால் பங்கு திரும்பாது.

முதல் வீட்டுக் கடனாக வங்கி அதிகபட்சம் விலையில் 75 சதவீதம் தரும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. வீட்டுக் கடன் முத்திரை வரிக்குக் கிடைக்காது. ஆகவே 15 லட்சம் வீட்டுக்கு முழுக் கடன் கிடைத்தாலும், வெளிநாட்டவர் சொந்தக் கையிலிருந்து 3,75,000 வெள்ளி முன்பணமும் 9,44,600 வெள்ளி வரியுமாக 13,19,600 வெள்ளி வைத்திருக்க வேண்டும். நிரந்தரவாசிக்கு அதே கணக்கு 4,94,600. அதிலும் ஒரு பகுதியை மத்திய சேமநிதியிலிருந்து எடுக்கலாம், ஆனால் விலையில் 5 சதவீதமாவது ரொக்கமாக இருக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் இவற்றின் முன் சில்லறை.

வாங்கிய பிறகு ஆண்டுதோறும் சொத்து வரி. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் மதிப்பிடுவதே இதன் அடிப்படை. அந்த மதிப்பு 36,000 வெள்ளி என்றால், சொந்தமாகக் குடியிருப்பவர் கட்டுவது 960 வெள்ளி. வாடகைக்கு விட்டிருந்தாலோ பூட்டி வைத்திருந்தாலோ 4,800. கொண்டோவின் பராமரிப்புக் கட்டணம் மாதம் சில நூறு வெள்ளி. நீச்சல்குளத்தில் கால் நனைக்காதவரும் கட்ட வேண்டும். வாடகைக்கு விடுவதானால் குறைந்தது மூன்று மாதத்துக்கு விட வேண்டும், விடுதி போல நாள் கணக்கில் விடுவது குற்றம். சிங்கப்பூரில் வசிக்காத உரிமையாளரின் நிகர வாடகை வருமானத்துக்கு 24 சதவீத வரி. கடன் வட்டியைக் கழிக்கலாம். மற்றச் செலவுகளுக்கு ரசீது சேர்க்க விருப்பமில்லாதவர்கள் வாடகையில் 15 சதவீதத்தை மொத்தமாகக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு.

விற்கும்போது சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவசரத்துக்குத் தண்டனை உண்டு. 2025 ஜூலை 4 அன்றோ அதற்குப் பின்னோ வாங்கிய வீட்டை முதல் ஆண்டிலேயே விற்றால் 16 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 12, மூன்றில் 8, நான்கில் 4 சதவீதம் விற்பனையாளர் முத்திரை வரி. இது லாபத்தின் மீது அல்லாமல் விற்பனை விலையின் மீது விதிக்கப்படுவதால், நட்டத்தில் விற்பவரும் கட்ட வேண்டும். சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தையும் ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி சேர்த்து விற்ற தொகையிலிருந்து அந்த நிதிக்கே திருப்ப வேண்டும். அது உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குத்தான் போகிறது என்றாலும், கைக்கு வரும் ரொக்கம் குறையும்.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான் அனுப்பலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலிக்கும். ஒரு கோடி ரூபாய் அனுப்பினால் கூடவே 18 லட்சம் தேவை. வருமான வரிக் கணக்கில் இது ஈடாகும், அல்லது திரும்ப வரும். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய வீட்டை ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. முழு வசிப்பாளர் நிலை வந்ததும் அந்த வாடகை இந்தியாவிலும் வரிக்கு உட்படும். சிங்கப்பூரில் கட்டிய வருமான வரியைக் கழித்துக்கொள்ளலாம், சொத்து வரியை அப்படிக் கழிக்க முடியாது. வாடகையே வராவிட்டாலும் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் வீட்டைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்துக்கு இந்தியாவில் 12.5 சதவீத வரி. சிங்கப்பூரில் இதற்கு வரியே இல்லாததால், கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

விற்காமல் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றால் இரு நாட்டிலும் வாரிசு வரி இல்லை. இந்தியா 1985இலும் சிங்கப்பூர் 2008இலும் அதை நீக்கிவிட்டன. ஆனால் வாரிசாகக் கிடைத்த வீட்டில் ஒரு சிறு பங்கு இருந்தாலும் கூடுதல் முத்திரை வரிக்கு அது ஒரு வீடாகவே எண்ணப்படும். சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட மகன் தன் சம்பாத்தியத்தில் முதன்முதலாக வாங்கும் வீட்டுக்கும் 20 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும்.