மடித்த சீட்டு

காலையில் கணக்கில் ஒரு ரூபாய் வந்திருந்தது. மியூச்சுவல் ஃபண்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். கணக்கு என்னுடையதுதானா என்று பார்க்க அவர்கள் போட்ட ரூபாய். அது வந்து விழுந்ததும் கணக்குக்காரரின் பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால் சரி.

அந்த ஒற்றை ரூபாயைப் பார்த்ததும் அப்பாவின் பச்சை மைப் பேனா ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் பேங்கில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பாதான் போட்டார். தையல்காரருக்கு, பால்காரம்மாவுக்கு. ஒருவருக்கு மட்டும் மறுத்தார். அம்மா ஏனென்று கேட்டதற்கு, "அவர் வீட்டு வாசல்படி எனக்குத் தெரியாதே" என்றார்.

ஒருமுறை தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் அனுப்பும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் நெஃப்டில் பணம் எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரை ஒத்துப்பார்க்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பணம் திரும்பி வரும்வரை சோறு இறங்கவில்லை. அனுப்பும் முன்பே பெயரைக் காட்டும் வசதி நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் 2025 ஏப்ரலில்தான் வந்தது. எத்தனை பேர் அதற்குள் அழுதிருப்பார்கள்!

சித்தி அழுதாள். பழைய கட்டிலை விற்கப் போட்டிருந்தாள். வாங்குகிறேன் என்றவன், "பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பரைப் போட்டா வந்துடும்மா" என்றான். போட்டாள். யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை; பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்டாலே நம் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். இதை நான் அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உடனே 1930க்குப் போன் செய்தோம். பாதிப் பணத்தை அவன் எடுப்பதற்குள் முடக்கிவிட்டார்கள்.

"அவனுக்கு என் முழுப்பெயர் எப்படிடா தெரியும்?" என்று சித்தி இன்னும் கேட்கிறாள். யுபிஐயில் போன் நம்பரை அடித்தாலே திரையில் பெயர் வந்துவிடுகிறது. தவறான ஆளுக்குப் போகாமல் காப்பதும் அந்தப் பெயர்தான். திருடன் உரிமையோடு கூப்பிட வழிவிடுவதும் அதுதான். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்பாவோடு பேங்குக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். கணக்கில் இருப்பு எவ்வளவு என்று யார் கேட்டாலும் கவுண்டரில் இருந்தவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கூண்டுக்குள் லெட்ஜரைப் புரட்டி, துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, இரண்டாக மடித்துக் கம்பி இடுக்கில் நீட்டுவார். அப்பா திரும்பி நின்று படித்துவிட்டு, அதே மடிப்பில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.