சுதந்தரமும் கவாத்தும்

மொதல்ல ஒரு டிஸ்கி: இது பிரசங்கம் இல்ல. எனக்குப் பொட்டி தட்டத்தான் தெரியும், பிரசங்கம் பண்ணத் தெரியாது. பைபிள் பக்கமே போகாதவங்களும் தாராளமா மேல படிக்கலாம். நடுவுல திராட்சைத் தோட்டமெல்லாம் வருது.

தமிழ் பைபிள்ல 'சுதந்தரம்'னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். புதுசா வாசிக்கிறவங்க ஆகஸ்ட் 15-க்கு மிட்டாய் குடுக்குற சுதந்திரம்னு நெனச்சு முழிப்பாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பழைய மொழிபெயர்ப்புல சுதந்தரம்னா பரம்பரையா வர்ற பங்கு, வாரிசுரிமை. சுதந்தரவாளின்னா வாரிசு. விடுதலைங்கிற அர்த்தத்துக்கு அவங்க 'சுயாதீனம்'னு வேற வார்த்தை வெச்சிருந்தாங்க. அந்தக் காலத்து கிராமத்துல அறுவடை முடிஞ்சதும் களத்துலயே ஊர் ஊழியருக்கு அளந்து குடுக்குற நெல்லுக்கும் சுதந்திரம்னுதான் பேரு. ஆக, நிலத்தோட பங்கு, விளைச்சலோட பங்கு, ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள கெடக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இந்தச் சொல்லை வெச்சுத்தான் எங்க வீட்ல இப்ப ஒரு பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு.

எங்க ஆச்சி போன மார்கழியில போயிட்டாங்க. நெலம் நீச்சுன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. இருந்ததை அவங்களே உயிரோட இருக்கும்போது பிரிச்சுக் குடுத்துட்டாங்க. மிஞ்சினது ஒரு பெரிய பைபிள். முன்பக்கத்துல குடும்பத்துல யார் எப்ப பொறந்தா, எப்ப ஞானஸ்நானம், யாருக்கு எப்பக் கல்யாணம்னு மை பேனாவுல எழுதியிருக்கும். கடைசி இருபது வருஷத்து எழுத்தெல்லாம் ஆச்சி கையெழுத்து, கோணல் மாணலா. இது மூத்த பேரப்பிள்ளைக்குப் போகணும்ங்கறது வீட்டு வழக்கம். மூத்தது எங்க அக்கா. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம். குழந்தை இல்ல.

"நம்ம வம்சத்துப் பொருள்ல, வம்சம் இருக்குற வீட்டுக்குப் போவட்டும்ல"ன்னு சித்தப்பா ஆரம்பிச்சார். அவர் மகனுக்கு ரெண்டு பையன்க. கெட்ட மனசுல சொன்னாருன்னு நான் நெனைக்கல. அவர் அப்படித்தான், மனசுல பட்டதை அப்படியே பேசிடுவார். ஆனா அக்கா கேட்டுக்கிட்டுதான் இருந்தா. ஒண்ணும் சொல்லாம காப்பி டம்ளரையெல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அவளுக்கு இது புதுசு இல்ல. அசனப் பண்டிகைக்குப் போனா இலை போடுறதுக்குள்ள நாலு பேராவது கேட்ருவாங்க, "விசேஷம் எதுவும் உண்டா?"ன்னு. வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, ஒரு வருஷம் அவளுக்கு சங்கீதம் 127 வந்துச்சு. பிள்ளைகள்தான் ஆண்டவர் தர்ற சுதந்தரம், அதுதான் கனின்னு ரெண்டு சொல்லும் ஒரே வசனத்துல வர்ற இடம். பக்கத்துல இருந்த பெரியம்மா கையைப் பிடிச்சு, இந்த வருஷம் கண்டிப்பா ஆயிடும்னு அழுதுட்டாங்க. அந்த அட்டை அத்தானோட மேஜை டிராயர்ல இப்பவும் கெடக்கு.

அந்த சங்கீதத்தோட தலைப்புல இருக்குற பேரு சாலொமோன். மனைவிமார் எழுநூறு, மறுமனையாட்டிகள் முந்நூறுன்னு கணக்கு எழுதி வெச்சிருக்கு. அந்த மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு தேடிப் பாத்தா, பேர் சொல்லி வர்றது மூணே மூணுதான். ரெகொபெயாம், அப்புறம் தாபாத், பஸ்மாத்னு ரெண்டு பொண்ணுங்க. ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்ததும் பெரியவங்க பேச்சைக் கேக்காம ராஜ்யத்தையே ரெண்டாக்கிட்டான். ஏலியோட பசங்க கதையும் சாமுவேலோட பசங்க கதையும் உங்களுக்கே தெரியும். வாரிசு இருந்தா விசுவாசமும் பத்திரமா கை மாறிடும்னு எழுதுன மாதிரி தெரியல எனக்கு.

சரி, திராட்சைக்கு வருவோம்.

அக்கா, அத்தான், நான் மூணு பேரும் ஒரு தடவை சுருளி அருவிக்குப் போனோம். போற வழியெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சை. 2023-ல புவிசார் குறியீடு கெடச்சுதே, அதேதான். ஒரு தோட்டத்துல கறுப்புக் கறுப்பா கொத்து தொங்குது. ஒட்டுனாப்புல அடுத்த தோட்டத்துல ஒரு இலை இல்ல. கம்பியும் காஞ்ச கொடியும் மட்டும். நோவு விழுந்துடுச்சு போலன்னு அத்தான் சொன்னார். தோட்டக்காரர் சிரிச்சுட்டு, "நோவு இல்ல சார், கவாத்து பண்ணிருக்கு"ன்னார்.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புது விஷயம். குளிர் தேசத்துல திராட்சைக் கொடி பனிக்காலத்துல தானா இலை உதிர்த்துட்டுத் தூங்கும், வெயில் வந்தா முழிச்சுக்கும். நம்ம ஊர்ல அதுக்குத் தூக்கமே கெடையாது. விட்டா இலையும் கொடியுமா பந்தல் பூரா போய்க்கிட்டே இருக்கும், பாக்க பச்சைப் பசேல்னு இருக்கும், காய் பிடிக்காது. கவாத்து பண்ணாத்தான் கண்ணு முழிச்சு புதுத் தளிர் விடும், அந்தப் புதுத் தளிர்லதான் பூ. வெட்டுனதுல இருந்து பறிக்கிறதுக்கு ஏறக்குறைய நாலு மாசம். இப்படி வெட்டி வெட்டியே ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுவடை எடுத்துருவாங்களாம்.

வந்தப்புறம் வழக்கம் போல நெட்டுல தோண்டினேன். மகாராஷ்டிராவுல நாசிக் பக்கம் வேற முறை. வருஷத்துக்கு ரெண்டு கவாத்து, ஒரே ஒரு அறுவடை. அக்டோபர்ல பண்றது பழத்துக்கு. ஏப்ரல்ல பண்ற கவாத்துல பழமே வராது! அது கொடி முத்துறதுக்கு மட்டும். பின்னால வர்ற பூவுக்கான மொக்கு அந்த மாசங்கள்லதான் கண்ணுக்குள்ள உருவாகுது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஏப்ரல்ல வெட்டுன தோட்டத்தை ஜூன்ல பாக்குறவன் 'இதுல கனி இல்லை'ன்னு எழுதிட்டுப் போனா அவன் சொன்னது சரிதான், ஆனா அவனுக்கு விவசாயம் தெரியாது.

யோவான் 15-ஐ இதுக்கப்புறம் வாசிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு. அங்க கனி குடுக்குற கொடியைத்தான் தோட்டக்காரர் வெட்டிச் சுத்தம் பண்றார். கொடிக்கு டார்கெட்டெல்லாம் இல்ல. செடியில ஒட்டிக்கிட்டு இருன்னு மட்டும்தான் திரும்பத் திரும்ப வருது. எங்க ஆபீஸ் அப்ரைசல்ல இப்படி ஒரு கட்டம் இருந்தா நல்லாயிருக்கும் (ஹி ஹி). கலாத்தியர்ல பவுல் எழுதுற ஆவியின் கனியில அன்பு, சந்தோஷம், சமாதானம், பொறுமைன்னு ஒம்பது சமாச்சாரம். ஒண்ணையும் எண்ண முடியாது, எக்செல்ல ஏத்த முடியாது. அந்த ஒம்பதுல குழந்தை இல்ல, வீடு இல்ல, ஆன்சைட் இல்ல.

இதை எழுதின பவுலுக்குக் கல்யாணமே ஆகல. ஆனா தீமோத்தேயுவை மகனேன்னுதான் கூப்பிடுறார். அந்தத் தீமோத்தேயுவோட விசுவாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லும்போது பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள்னு ரெண்டு பொம்பளைங்க பேரைச் சொல்றார். அப்பா கிரேக்கர், அவர் பேரே எங்கயும் கெடையாது.

எங்க ஊர்ப்பக்கமே இன்னொரு உதாரணம் இருக்கு. களக்காடு தாண்டிப் போனா டோனாவூர். அயர்லாந்துக்காரங்க ஏமி கார்மைக்கேல் 1895-ல இந்தியாவுக்கு வந்தவங்க. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட இருந்த ஒரு சின்னப் பொண்ணு 1901-ல தப்பிச்சு ஓடி வந்து அவங்க மடியில உக்காந்தா. அதுக்கப்புறம் வரிசையா பிள்ளைங்க. 1951-ல சாகுற வரைக்கும் அவங்க சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவே இல்ல, கல்யாணமும் பண்ணிக்கல. கல்லறையில பேரோட கல்லு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. பிள்ளைங்க பறவைங்க தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு கல்தொட்டி வெச்சு அதுல ஒரே ஒரு வார்த்தை எழுதினாங்க: அம்மா.

அதுக்காக, குழந்தை இல்லாட்டி என்ன, அநாதை இல்லத்துக்குப் போய் சேவை பண்ணுன்னு யாராவது அக்காகிட்ட கிளம்பினா எனக்குக் கோபம் வரும். அதுவும் ஒரு மாதிரி "விசேஷம் உண்டா"தான். ஏசாயா 56-ல பிள்ளையில்லாத அண்ணகர்களுக்கு ஆண்டவர் தன் வீட்டுக்குள்ளயே மகன் மகளை விட மேலான ஒரு பேரைத் தர்றேன்னு சொல்றார். இன்னின்ன சேவை பண்ணிட்டு அப்புறம் வான்னு இல்ல. அவரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். அப்போஸ்தலர் 8-ல ரதத்துல உக்காந்து வாசிச்சிட்டு வர்றாரே எத்தியோப்பிய மந்திரி, அவர் அண்ணகர்தான், அவர் கையில இருந்ததும் இதே ஏசாயா சுருள்தான், 53-ம் அதிகாரம். இன்னும் மூணு அதிகாரம் தள்ளி அவருக்கான எடம். ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள கண்டிப்பா வாசிச்சிருப்பார்னு நான் நம்புறேன்.

அக்கா பதினோரு வருஷமா ஞாயிறு பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குறா. ஆச்சி கடைசி ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தப்ப தெனம் ராத்திரி அந்தப் பைபிளை வாசிச்சுக் காட்டினது அவதான். ஓரத்துல ஆச்சி பென்சில்ல கோடு போட்ட எடமெல்லாம் எது எதுன்னு அவளுக்கு மனப்பாடம். எங்க யாருக்கும் தெரியாது, எனக்கும் சேத்துத்தான்.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாகிட்ட போன்ல பேசினேன். எண்ணாகமம் 27-ல செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க மோசே முன்னாடி நின்னு பங்கு கேட்ட கதையைச் சொன்னேன். "அவங்க கேக்குறது நியாயம்னு ஆண்டவரே சொல்லிட்டார் சித்தப்பா. நம்ம அக்கா வாயைத் தொறந்து கேக்கக்கூட இல்ல, அதான் நான் கேக்குறேன்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "எல, வசனமெல்லாம் நல்லாத்தான் பேசுத. ஆச்சி வருஷ நினைவுக்கு எல்லாரும் வருவோம்லா, அப்பப் பேசுவோம்"னார்.

அதுவரைக்கும் பைபிள் அம்மா வீட்டு பீரோவுலதான் இருக்கு. ராமபாணப் பூச்சி வராம இருக்க வசம்பு போட்டு வெச்சிருக்கா அக்கா.