மலையில் விளைவது

எங்கள் சமயநல்லூரில் நின்று பார்த்தால் வைகைக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடப்பது தெரியும். தினமும் கண்ணில் படுகிற மலையாகையால், அதை நான் ஒரு நாளும் நன்றாகப் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆசாமி, 2024 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை பார்ப்பதற்கென்றே நாற்பது பேரோடு பஸ் ஏறி அரிட்டாபட்டிக்குப் புறப்பட்டால் வீட்டில் சிரிக்கத்தானே செய்வார்கள்?

மேலூர்ச் சாலையில் யானைமலையைக் கடந்து போய், உள்ளே திரும்ப வேண்டும். சுற்றிலும் ஏழு பாறைக் குன்றுகள். அவற்றின் மடியில் ஊர். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கழிஞ்சமலைக் குகை முன்னால் எங்களை நிறுத்திப் பாடம் நடத்தினார். சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள்; ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து; நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் குகையைக் கொடுத்தார் என்ற சேதி. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி ஓடியது. பாறையில் வழியும் மழைநீர் படுக்கைப் பக்கம் வராமல் வெளியே சொட்டுவதற்காம். பிறகு பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அங்கேயுள்ள லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம் என்றார். எல்லோரும் படம் பிடித்துக்கொண்டோம்.

இறங்கும்போது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எதிரே வந்தார்.

"மலையைப் பாக்க வந்தீகளா?"

"ஆமாங்க, பெரியவரே."

"பாத்துக்கங்க. இருக்கையிலேயே பாத்துக்கங்க."

அவர் சொன்னதில் காரணம் இருந்தது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. அதையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் ஊருக்குப் பயம் தெளியவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "வெறும் பாறையாக இருக்கிறதே, இதில் என்ன விளையும்?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் என் செருப்பிலிருந்து தொப்பி வரை ஒருமுறை பார்த்தார்.

"தண்ணி வெளையும்யா," என்றார்.

கோலை நீட்டிக் காட்டினார். பாறையில் மண் இல்லை. விழுந்த மழை தங்காமல் வழிகிறது. கொஞ்சம் சுனையில் நிற்கிறது. மிச்சம் ஓடையாகி ஒரு கண்மாயில் சேர்கிறது. அது நிரம்பி அடுத்ததற்குப் போகிறது. இருநூறு சுனைகள், எழுபத்திரண்டு நீர்நிலைகள் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அவர் கணக்கு வேறு: "இது போனா வயலு போச்சு. வயலு போனா நாங்க எங்கே போக?"

காலையில் பார்த்த காடி எனக்கு ஞாபகம் வந்தது. மேலே துறவிக்காகத் தண்ணீரை விலக்கியிருக்கிறார்கள். கீழே குடியானவனுக்காகக் கரை கட்டி அதே தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். நான் பார்த்தது முதல் பாதியை மட்டும்தான்.

2025 ஜனவரி 7-ஆம் தேதி அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தியைக் கேட்டதும் பெரியவரைத்தான் நினைத்தேன். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேனே!

அன்று மாலை மாடியில் ஏறி நாகமலையைப் பார்த்தேன். அதில் பெய்கிற மழை எந்தக் கண்மாய்க்குப் போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வயதுக்குமேல் யாரிடம் கேட்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நடந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.