ஒன்றரை மணி பஸ்

 

மாலைதீவுக்கு ஆசிரியர் வேலைக்கு வரலாமா, எப்படி இருக்கும் என்று இன்பொக்ஸில் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். யாரும் கேட்காத ஒரு விசயமும் கடைசியில் இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். ஓட்டமாவடியிலிருந்து கதிரவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஒன்பது வருடம் பஸ்ஸில் போய் வந்தோம். 2022 ஜூனில் 14/2022 சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்றது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. சான்றிதழ்களைப் பத்தரமுல்லையில் உறுதிப்படுத்திக்கொண்டு, மூத்த மகனை உம்மாவிடம் விட்டுவிட்டு, சின்னவளோடு வெளிக்கிட்டோம்.

கேட்டவர்களுக்கு முதலில் பதில். சம்பளம் ரூஃபியாவில்தான் வரும். அதிகாரபூர்வ வீதத்தில் 1 டொலர் 15.42 ரூஃபியா, ஆனால் அந்த வீதத்தில் நினைத்த அளவு டொலர் கிடைக்காது. அதைக் கணக்குப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள். பாடங்கள் ஆங்கிலத்தில், இஸ்லாமும் திவெஹியும் மட்டும் அவர்கள் மொழியில். பரீட்சை கேம்பிரிஜ் முறை. வெள்ளி, சனி விடுமுறை. நேரம் நம்மைவிட அரை மணித்தியாலம் பிந்தி. மாலே வேறு, தீவுகள் வேறு. தீவில் மரக்கறி மாலேயிலிருந்து வரும் படகைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் பருப்பும் மீனும்தான். மீனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'மஸ்'. நம் சம்பலில் போடும் மாசி இங்கிருந்து வருவதுதான். சிங்களம் தெரிந்தால் ஒன்று, இரண்டு எண்ணப் பழகுவது லேசு.

பள்ளி இருக்கிறது, பாங்கு கேட்கிறது, நமக்கென்ன கஷ்டம் என்று நினைத்து வராதீர்கள். மார்க்கம் ஒன்றென்றாலும் ஊர் வழக்கம் வேறு. 1343இல் இப்னு பதூதாவே இங்கே வந்து காழியாக இருந்தவர். வந்த வேகத்தில் ஊர்ப் பெண்களின் உடையைத் திருத்தப் பார்த்தார். முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு பெரியவர்களோடு மனஸ்தாபம் வந்து, அடுத்த வருடம் தீவை விட்டுப் புறப்பட்டு இலங்கைக்கு வந்தார். முதல் வருடம் வாயைக் குறைத்துக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்பதுதான் எங்கள் அறிவுரை.

இனி, யாரும் கேட்காதது.

எங்கள் தீவை அரை மணித்தியாலத்தில் சுற்றி நடந்துவிடலாம். வந்து மூன்றாவது மாதம், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. அஸருக்குப் பிறகு நடந்து போகையில் அவன் வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வாசலில் அவன் தாய் இருந்தார். தகப்பன் ரிசோர்ட்டில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். தம்பிக்குக் காய்ச்சல், அதனால் இவன் வீட்டில் நிற்கிறான் என்றார். அடுத்த நாள் பின்னேரம் அவனை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுத்தோம். இதில் எங்கள் பெருமை ஒன்றுமில்லை. தப்பிப் போக பஸ் இல்லாத ஊர், அவ்வளவுதான்.

அன்றிரவு எங்கள் இருவருக்கும் ஒரே பிள்ளையின் நினைவுதான் வந்தது. கதிரவெளியில் பத்தாம் ஆண்டில் இரண்டாவது வரிசையில் இருந்தவள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு தவணையில் வராமல் விட்டாள். இடாப்பில் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டே இருந்தோம். ஒன்றரைக்கு மணியடித்தால் எங்கள் கண் றோட்டில், பஸ் வருகிறதா என்று. தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், தம்பிமாரைப் பார்ப்பது அவள்தான் என்று தெரியவந்தபோது பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. அவள் வீடு பாடசாலையிலிருந்து பத்து நிமிச நடை. ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு நாளும் நடந்ததில்லை.

ஒன்பது வருடம் அங்கே படிப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஒன்பது வருடம் அங்கே போய் வந்தோம்.

தூர இடத்துப் பாடசாலைக்கு வரும் ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளை குட்டி எல்லாருக்கும் உண்டு, தங்க விடுதி இல்லாத இடமும் உண்டு. எங்களைப் பற்றி மட்டுமே சொல்கிறோம். டொலருக்காகக் கடல் தாண்டி வந்து ஒரு தீவில் குடியிருக்க முடிந்த எங்களுக்கு, வாவியைத் தாண்டி வாரத்தில் இரண்டு நாள் தங்க முடியாமல் போனது ஏன் என்பதற்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் மகனும் பத்தாம் ஆண்டு. போனில், "எல்லாம் ஓகே வாப்பா" என்பான். அவன் வகுப்பில் வராத நாளில் தேடிப்போய் ஒரு சேர் கேட்பாரா என்று நினைக்கும்போது, அந்தப் பிள்ளையின் தாயும் எங்கோ ஒரு நாட்டில் இருந்து இதையேதான் நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

வருகிறவர்கள் வாருங்கள். கடன் அடையட்டும், வீடு எழும்பட்டும். ஆனால் போவதற்கு முன் உங்கள் இடாப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவப்பு விழுந்த பெயர் ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு பின்னேரம் நடந்து போய்விட்டு வாருங்கள்.

எங்கள் விடுமுறை முடிந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் அதே பக்கத்தைத்தான் கேட்பதாக இருக்கிறோம். கதிரவெளியில் வாடகைக்கு ஓர் அறை இருந்தால் சொல்லுங்கள். எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.