நாரி நோவென்று நினைத்தேன்

2014ஆம் ஆண்டு புற்றுநோய் காரணமாக எனது இடது மார்பகம் அகற்றப்பட்டது. ஐந்து வருடம் மாத்திரையும் எடுத்து முடித்தேன். இனிப் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தோம்.

2021இல் நாரி நோகத் தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் அள்ளியதால் பிடித்துக்கொண்டதென எண்ணி, எண்ணெய் பூசி ஒத்தணம் கொடுத்தேன். படுத்தால் ஆறவேண்டிய நோ இரவில்தான் கூடியது. மகளின் கலியாணம் நெருங்கியதால் நான்கு மாதங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்த மறுவாரம் கிளினிக்குக்குப் போனேன். ஸ்கான் செய்தபோது முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் நோய் தெரிந்தது. "மார்பகத்தைத்தான் எடுத்தாயிற்றே டொக்டர், எலும்பில் எப்படி வந்தது?" என்று அழுதேன்.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இது எலும்பில் பிறந்த புற்றுநோயல்ல, மார்பகப் புற்றுநோயேதான். சத்திரசிகிச்சைக்கு முன்பே சில கலங்கள் இரத்தத்தோடு சென்று எலும்புக்குள் தங்கி, பல வருடம் உறங்கிக் கிடந்திருக்கலாம். 1889இல் ஸ்டீபன் பஜெட் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, புற்றுக்கலத்தை விதைக்கும் உடலுறுப்பை மண்ணுக்கும் ஒப்பிட்டாராம். தோட்டம் செய்யும் எனக்கு அது உடனே விளங்கியது. எல்லா விதையும் எல்லா மண்ணிலும் முளைப்பதில்லை.

எலும்பில் பழையதை அரிக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் எந்நேரமும் வேலை செய்கின்றன. புற்றுக்கலம் வந்து அரிக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு அரிபட, அதிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருட்கள் புற்றுக்கலத்துக்கே பசளையாகின்றன.

அந்த அரிப்பைக் குறைக்க எனக்கு மருந்து ஏற்றுகிறார்கள். தாடையெலும்பு பாதிக்கப்படலாம் என்பதால் முதலில் பற்களைச் சோதித்தார்கள். நோவுக்குக் கதிர்ச்சிகிச்சை தந்தார்கள். நோய் முற்றாக மாறாது, ஆனால் அடங்கியிருக்கிறது. பேரனைத் தூக்க முடியாவிட்டாலும் மடியில் வைத்திருக்கிறேன்.

"ஏனம்மா மறைச்சனீங்கள்? கலியாணத்தைப் பிறகு வைச்சிருக்கலாமே" என்று மகள் அழுததுதான் இன்றும் மனதை அரிக்கிறது.

அன்பான சகோதரிகளே, எல்லா நாரி நோவும் புற்றுநோயல்ல. ஆனால் இந்த நோய் ஒருமுறை வந்தவர்கள், எத்தனை வருடம் கடந்தாலும், ஓயாத நோவையும் இரவில் கூடும் நோவையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கால் பலமிழந்தால், விறைத்தால், சலம் கழிக்கக் கஷ்டப்பட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் இருந்தாலும் நோவை மறைக்காதீர்கள்.